சட்டையைத் துப்பிய ஆடு

ஈப்போவில் உனக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டால் கோயில் பேரைச் சொல்வதுதான் மரியாதை. நான் பன்ஃபேர் என்றுதான் சொல்வேன். இப்போது அந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. கார்களுக்கும் இடம் வேண்டும்தானே.

எழுபதுகளின் கடைசியில் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். சுற்றிலும் பலகை வேலி. நடுவில் பெரிய ராட்டினம். குதிரை ராட்டினம், இடித்து விளையாடுகிற மின்சாரக் கார், பேய் வீடு, தகர டப்பாவைச் சுடுகிற துப்பாக்கிக் கடை. ஓரத்தில் வேலியை ஒட்டியபடி சின்னப் பிள்ளைகளுக்கான குட்டி ரயில். அதன் கடைசிப் பெட்டியில் விசிலும் கையுமாக நான். பிள்ளைகளை ஏற்றுவது, சங்கிலி மாட்டுவது, விசில் ஊதுவது, சுற்றி முடிந்ததும் இறக்கிவிடுவது. இதுதான் வேலை.

நான் பயந்த சுபாவம். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள். வெளியில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் பன்ஃபேர் மாதிரி இடத்துக்குப் பயந்தவள்தான் வேண்டும். சங்கிலியை மாட்டிவிட்டு ஒரு தடவை இழுத்துப் பார்ப்பேன். விசில் ஊதுமுன் இறங்கி வந்து இன்னொரு தடவை இழுப்பேன். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கிற கொக்கி ஆணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பேன். பெரிய ராட்டினத்தை ஓட்டியவர் தெலுக் இந்தான்காரர், நம்மவர். அவர் மேடையிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

"தங்கச்சி, அந்த ஆணி ரயில் ஓடித் தேயல. நீ தொட்டுத் தொட்டுத்தான் தேயுது."

"உங்க ராட்டினத்து ஆணிய யாருண்ணே தொடுறா?"

"முருகன் தொடுறான்."

"முருகனுக்கு ஸ்பேனர் புடிக்கத் தெரியுமா?"

"நீ வேணா மேல ஏறி அவனுக்குக் காட்டிக் குடேன்."

ஏறியும் இருக்கிறேன். கூட்டம் இல்லாத சாயங்காலங்களில் அவர் என்னை உச்சியில் நிறுத்திவிட்டு வேண்டுமென்றே பீடி பற்றவைப்பார். உச்சியில் நின்றால் சுண்ணாம்பு மலைகள் வரிசையாகத் தெரியும், ஈயம் தோண்டிய லம்பக் குட்டைகள் பளபளக்கும். கம்பியைப் பிடித்த கை வேர்த்துப் போகும். இருந்தாலும் இறங்கியதும் மறுபடி ஏறத் தோன்றும். பயப்படுகிறவர்களுக்குத்தான் ராட்டினத்தின் முழு ருசியும் கிடைக்கும் என்பது என் கட்சி. பயமில்லாதவன் அதில் ஏறிச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறான்.

கார்ட்டூன் படத்தின் மேல் எனக்கு இருந்த ஆசை இதைவிடப் பழையது. நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். எப்போதாவது அரசாங்க வேன் வந்து திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டும். பெரிய படத்துக்கு முன்னால் ஒரு துண்டு கார்ட்டூன் போடுவார்கள். அந்த நேரத்தில்தான் எல்லாரும் பாய் விரிப்பார்கள், இடத்துக்குச் சண்டை போடுவார்கள், கச்சான் கடலை வாங்கப் போவார்கள். ஒருத்தரும் துணியைப் பார்க்க மாட்டார்கள். நான் மட்டும் கண்ணை எடுக்காமல் பார்ப்பேன். பெரிய படம் தொடங்கி, கதாநாயகன் வந்து எல்லாரும் விசிலடிக்கும்போது எனக்குத் தூக்கம் வந்துவிடும்.

ஒரு முறை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபிலிம் அறுந்தது. படம் காட்டியவர் ஒரு முழம் வெட்டி எறிந்துவிட்டு ஒட்டினார். எறிந்ததை நான் எடுத்து வந்தேன். மறுநாள் வெயிலில் பிடித்துப் பார்த்தால் எல்லாக் கட்டத்திலும் ஒரே கரடி, ஒரே பானை. ஏமாந்துபோனேன். பிறகு ஒரு கட்டத்தையும் அடுத்ததையும் விட்டு, முதலாவதையும் கடைசியையும் பார்த்தேன். பானை கரடியின் இடுப்பிலிருந்து நெஞ்சுக்கு ஏறியிருந்தது. அவ்வளவுதான் சூட்சுமம். யாரும் சொல்லித் தராமல் நானாகக் கண்டுபிடித்த விஷயம் என்பதால் அது மறக்கவே இல்லை.

பள்ளிக்கூடம் எனக்கு ஒத்து வரவில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு முடித்து டவுனில், இடைநிலைப் பள்ளிக்குத் தயார்ப்படுத்துகிற ரிமூவ் கிளாஸுக்குப் போனேன். இருட்டோடு கிளம்புகிற பஸ். பஸ் விட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் தூக்கம் போனது. தூங்காததால் பாடம் போனது. கொஞ்ச மாதத்தில் அம்மாவே, "போதும் புள்ள, வா, பால் வெட்டலாம்" என்றார். வெட்டினேன். பிறகு தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். அண்ணன் லாரி ஓட்ட ஈப்போ வந்தார், அண்ணியோடு புந்தோங்கில் குடியேறினார், நானும் வந்தேன். பன்ஃபேர் வாசலில் அண்ணி நாசி லெமாக் சோறு விற்றதால் எனக்கு உள்ளே வேலை கிடைத்தது.

"ரயில்ல குந்திக்கிட்டே சம்பளமா? குடுத்து வச்சவடி" என்பார் அண்ணி.

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் டவுன் தியேட்டர்களில் குறைந்த டிக்கெட்டில் கார்ட்டூன் காட்டுவார்கள். பன்ஃபேர் சாயங்காலம்தான் திறக்கும், அதனால் ஒரு வாரம்கூட விடாமல் போவேன். தியேட்டர் முழுக்கச் சின்னப் பிள்ளைகள், நடுவில் சேலை கட்டிக்கொண்டு நான். வாசலில் கச்சாங் பூத்தேக் கடலை விற்கிறவர் ஒவ்வொரு வாரமும் கேட்பார்.

"புள்ளைங்க எங்கக்கா?"

"உள்ள போயிட்டாங்க."

அவருக்குத் தெரியும், எனக்குப் பிள்ளை இல்லை, அப்போது கல்யாணமே ஆகவில்லை என்று. ஆனாலும் அடுத்த வாரமும் கேட்பார். உள்ளே போனதும் வெளிவாசல் எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்து வைத்துக்கொள்வேன், நெருப்பு கிருப்பு என்றால் ஓட வேண்டுமே. பிறகு விளக்கு அணையும். அதற்கப்புறம் பயம் என்ற ஒன்று இருப்பதே நினைவுக்கு வராது.

எண்பதுகள் தொடங்கிய கையோடு டவுனில் விளையாட்டு மெஷின்கள் வந்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் சுடுவது, ஓட்டுவது, பீப் பீப் என்ற சத்தம். பையன்கள் பள்ளிக்கூடப் பையோடு அங்கேயே நின்றார்கள். எங்கள் சீன முதலாளி, தவுக்கே, அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எப்போதும் வாயில் பல்குத்தும் குச்சியோடு இருக்கும் மனுஷன், சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. எங்களோடு சந்தை மலாயில்தான் பேசுவார். ரயில் தண்டவாளத்தை ஒரு சுற்று நடந்து பார்த்தார். என் முன்னால் நின்றார்.

"மெஷினுக்கு இடம் வேண்டும். ரயிலை எடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன். சீனப் பெருநாள் முடியட்டும்."

"நான்?" என்றேன்.

"மெஷினுக்கு விசில் ஊத ஆள் வேண்டாமே" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. வேறு வேலை கிடைக்காமல் இல்லை. கையுறைத் தொழிற்சாலையில் ஆள் எடுத்தார்கள், அண்ணியே கூட்டிப் போவதாகச் சொன்னார். எனக்கு அது இல்லை கவலை. காலையில் கார்ட்டூன் பார்த்துவிட்டு சாயங்காலம் ராட்டின வெளிச்சத்தில் வேலை செய்கிற வாழ்க்கை ஒன்று என்னிடம் இருந்தது. ரயில் போனால் அது போய்விடும்.

எனக்கு வேலியின் ஞாபகம் வந்தது அப்போதுதான். ரயில் போகும்போது இடது பக்கம் அந்தப் பலகை வேலி நீளமாக வரும். பலகைகள் வெயிலில் சுருங்கி ஒன்றுக்கும் மற்றதுக்கும் நடுவில் இடுக்கு விழுந்திருந்தது. வேலிக்குப் பின்னால் ஒரு சாக்கடைச் சந்து, அதற்கு அந்தப் பக்கம் பூப்பந்துக் கோர்ட். ரயில் நிற்கும்போது பார்த்தால் வெறும் பலகை. ஓடும்போது பார்த்தால் வேலியே காணாமல் போய், விளையாடுகிற பையன்கள் முழுசாகத் தெரிவார்கள். கடைசிப் பெட்டியில் இத்தனை வருடம் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒவ்வொரு இடுக்குக்குப் பின்னாலும் ஒரு படம் வைத்தால், ஒன்றைவிட ஒன்று மயிரிழை வித்தியாசமாக வைத்தால், ரயிலில் போகிறவன் கண்ணுக்கு அது நகர வேண்டும். வெயிலில் பிடித்துப் பார்த்த அந்தக் கரடிப் பானைக் கணக்குத்தான்.

பேய் வீட்டுக்குப் பெருநாள் பெயிண்ட் அடிக்க ஒரு சீனர் வந்திருந்தார். தியேட்டர் வாசலில் வைக்கும் பெரிய பேனர்கள் வரைகிறவர். பத்து காஜா ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவருடைய மகன். நம் பிள்ளைகளோடு வளர்ந்ததால் தமிழில் நம்மைவிட நன்றாகத் திட்டுவார். அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். பேய்க்கு நாக்கு வரைந்துகொண்டே கேட்டார்.

"உனக்கு எவ்ளோ படிப்பு?"

"ரிமூவ் கிளாஸ். அதும் முடிக்கல."

"நானும் அப்படித்தான். அதான் இந்த மாதிரி யோசனை வருது ரெண்டு பேருக்கும். என்ன படம் போடணும்?"

அதை நான் முதலிலேயே முடிவு செய்திருந்தேன். தோட்டத்து லய வீட்டுத் துணிக்கொடியில் ஒரு சட்டை காய்கிறது. ஒரு ஆடு வருகிறது. சட்டையை இழுக்கிறது, ஒரு கை உள்ளே போகிறது, மறு கை போகிறது, காலர் போகிறது, ஆடு ஏப்பம் விட்டுவிட்டுப் போகிறது. தோட்டத்தில் இருந்தவனுக்கு இது கதையே இல்லை, நடந்த விஷயம். பெயிண்டர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார்.

"எங்க அப்பாவோட பனியன் ரெண்டு இப்படித்தான் போச்சு" என்றார்.

நான் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்த ஆட்டை முதலில் மாட்டிப் பார்த்தோம். ரயில் போனது. ஒரே கலங்கல், பால் சிந்திய மாதிரி. இடுக்கு அகலம் என்று பட்டது. மெல்லிய சட்டங்கள் அடித்து, சுண்டுவிரல்கூட நுழையாதபடி குறைத்தோம். மறுபடி ஓட்டினோம். இந்த முறை ஆடு தெளிவாக வந்தது, நடந்தது. நான் பெட்டியை விட்டே குதித்திருப்பேன். பெயிண்டர் மட்டும் முகத்தைச் சுளித்தார்.

"உன் ஆடு சாப்பிட்டு ரொம்ப நாள் ஆச்சு போல."

நிஜம்தான். தாளில் நல்ல கொழுத்த ஆடு; ரயிலிலிருந்து பார்த்தால் பக்கவாட்டில் நசுங்கி, எலும்பும் தோலுமாகப் போனது. சட்டையும் குழாய் மாதிரித் தொங்கியது. ஏன் அப்படி ஆகிறது என்று இருவருக்கும் விளங்கவில்லை. ஆனால் என்ன செய்வது என்று விளங்கியது. பழைய பேனர் பலகைகளை அறுத்து, அவற்றின் பின்பக்கத்தில் இரண்டு மடங்கு அகலமான ஆட்டைப் பெயிண்டர் வரைந்தார். தரையில் காயவைத்திருந்தபோது அது ஆடா பன்றியா என்று பன்ஃபேரே கூடி நின்று பந்தயம் கட்டியது.

"தங்கச்சி," என்றார் ராட்டினக்காரர், "இந்தச் சட்டைய நம்ம தவுக்கே குடும்பமே சேந்து போட்டுக்கலாம் லா."

"ஓடும்போது பாருங்கண்ணே."

"எது, ஆடா? அந்த ஒடம்ப வச்சிக்கிட்டு அது ஓடுமா?"

சொல்லிவிட்டு அவரே வந்து சந்து முழுக்கப் பல்பு கட்டிக் கொடுத்தார். இருட்டிய பிறகும் தெரிய வேண்டுமே என்று நான் கேட்காமலே அவருக்குத் தோன்றியிருந்தது.

எஞ்சின் ஓட்டியவர் ஒரு மலாய்க்காரப் பெரியவர். நிஜ ரயிலில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், நாங்கள் மாமா முறையில் பாக்சிக் என்று கூப்பிடுவோம். அவர் குட்டி ரயிலை மனம் போல ஓட்டுவார். சிகரெட் பற்றவைக்க மெதுவாக்குவார், தெரிந்தவர் யாராவது வந்தால் நின்று பேசுவார். மெதுவானால் ஆடு நொண்டும், நின்றால் வெறும் பலகை. "பாக்சிக், வேலி நெடுக ஒரே வேகம்" என்று கெஞ்சினேன். அவர் மார்பில் கை வைத்துச் சரி என்றார்.

பன்ஃபேர் மூடியிருக்கும் திங்கட்கிழமை, பலகைகளைச் சந்துக்குள் வரிசையாக மாட்டுவது பெயிண்டர் பொறுப்பு. நான் ஒவ்வொரு பலகைக்கும் ஓரத்தில் நம்பர் போட்டுக் கொடுத்திருந்தேன். மறுநாள் மாலை திறப்பதற்கு முன் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது, பிறகு தவுக்கேயைக் கூப்பிடுவது என்று திட்டம். நான் போய்ச் சேரும்போது தவுக்கே ஏற்கனவே முதல் பெட்டியில், முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தார்.

"ஏதோ காட்டப்போகிறாயாமே. காட்டு."

ஓட்டிப் பார்க்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. வேலிப் பக்கம் போய்ப் பார்த்தேன். இடுக்கில் ஒன்றும் தெரியாது. சந்துக்குள் எட்டிப் பார்த்தால் பலகையின் மறுபக்கம்தான், அதில் பழைய பேனர் கதாநாயகர்கள் மீசை வேறு கண் வேறாகக் கிடந்தார்கள். ஆணிகளைத் தொட்டேன். சங்கிலியை இழுத்தேன். தவுக்கேயின் சங்கிலியையும் இழுத்தேன். பெயிண்டர் நடுப் பெட்டியில் ஏறிக்கொண்டார். விசில் ஊதினேன்.

வேலி தொடங்கியது. பாக்சிக் பற்றவைக்காத சிகரெட்டை உதட்டில் வைத்தபடி ஒரே வேகத்தில் ஓட்டினார். ஆடு வந்தது. நல்ல உடம்போடு, தோட்டத்து ஆடு போலவே வந்தது. ஆனால் பின்பக்கமாக நடந்து வந்தது. கொடி காலியாக இருந்தது. ஆடு கொடிக்குக் கீழே நின்று, திறந்திருந்த ஏப்ப வாயை மூடிக்கொண்டது, பிறகு மறுபடி திறந்து ஒரு காலரை வெளியே தள்ளியது. அப்புறம் ஒரு கை. அப்புறம் இன்னொரு கை. சட்டை முழுசாக வெளியே வந்து, கொடியில் ஏறி, ஒழுங்காகத் தொங்கியது. வேலை முடிந்த மாதிரி ஆடு பின்னாலேயே நடந்து போய்விட்டது.

பெயிண்டர் திரும்பி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். சீனக் கடைப் பெயர்ப்பலகைகள் வலப்பக்கத்திலிருந்து தொடங்கும். பெயிண்டருடையது காலமெல்லாம் அதை எழுதின கை. ஒன்றாம் நம்பரை எடுத்ததும், ரயிலிலிருந்து பார்த்தால் வலப்பக்கமான கோடிக்கு நேரே போயிருக்கிறது. எனக்கு அது இடது கோடி என்று சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. தமிழில் எழுதுகிறவளுக்கு வேறெங்கே தொடங்கும்?

ரயில் நின்றது. தவுக்கே இறங்கவில்லை.

"ஆடு ஏன் சட்டையைத் துப்புகிறது?" என்றார்.

நான் தவறாகிவிட்டது, நாளைக்கு மாற்றி மாட்டிவிடுவோம் என்று சொல்ல ஆரம்பித்தேன். எனக்கு முன்னால் பெயிண்டர் சீனத்தில் எதையோ சொன்னார். தவுக்கே வாயிலிருந்த குச்சியை எடுத்தார்.

"இன்னொரு தடவை ஓட்டு."

இரண்டாவது தடவை, காலர் வெளியே வந்த இடத்தில், முதல் பெட்டியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. இருமல் என்று நினைத்தேன். சிரிப்பு. இரண்டு தோளும் குலுங்கின. ராட்டினக்காரர் மேடையிலிருந்து இறங்கியே வந்துவிட்டார் பார்க்க.

இறங்கும்போது தவுக்கே முகம் பழையபடி ஆகிவிட்டது. "பெருநாள் வரைக்கும் வை. கூட்டம் வந்தால் ரயில் இருக்கும். வராவிட்டால் பழைய இரும்புக்காரனைக் கூப்பிடுவேன்" என்றார். போகிற போக்கில், "ஆட்டைத் திருப்பாதே" என்றும் சொன்னார்.

பெயிண்டரிடம் கேட்டேன், "என்னாண்ணே சொன்னீங்க அவருகிட்ட?"

"எங்க ஆடு திருடுற ஆடு இல்ல, தொவைக்கிற ஆடுன்னேன்."

நான் அன்று முழுக்கக் குழம்பிக்கொண்டிருந்தேன். நான் நினைத்த கதை அது இல்லை. நான் வரைந்தது தின்கிற ஆடு. மறுநாள் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து, ஒருத்தரும் இல்லாமல், மூன்றாவது தடவை பார்த்தேன். தின்கிற ஆட்டைப் பார்த்தால் தோட்டத்தில் எவனும் சிரிப்பதில்லை, கல்லை எடுப்பான். தின்றதைத் திருப்பிக் கொடுக்கிற ஆட்டை யார் பார்த்திருக்கிறார்கள்? கார்ட்டூன் என்றால் இதுதானே. இப்படியே இருக்கட்டும் என்று நானாகத்தான் முடிவு செய்தேன். தவுக்கே சொன்னதற்காக இல்லை.

பெருநாள் முதல் நாள் மழை. பல்பு நனைந்துவிடுமா, பெயிண்ட் கரையுமா, பலகை விழுந்து பிள்ளை தலையில் படுமா என்று சந்துக்கும் ரயிலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். மழை விட்டதும் கொஞ்சம் பேர் வந்தார்கள். ஏறின பிள்ளைகள் இறங்கவில்லை. இறங்கினவர்கள் வரிசையில் போய் மறுபடி நின்றார்கள். இரண்டாம் நாள் பெரியவர்களும் வந்தார்கள், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளைக்குத்தான் என்று சொல்லிக்கொண்டு. ஒரு சீனத் தாத்தா தனியாகவே ஏறினார். பெட்டியில் இடம் போதாமல், தோட்டத்துப் பக்கமிருந்து வந்த ஒரு அம்மா என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க வீட்டு ஆடு போன வாரம் எங்க வீட்டுக்காரர் சட்டைய முழுங்கிருச்சு. இந்த ஆடு எங்க விக்கிறாங்க?"

"இது விக்க மாட்டாங்கம்மா."

"வாடகைக்காச்சும் குடுங்க, பொழுதோட கொண்டாந்து விட்டுர்றேன்."

கூட்டம் இருந்தது. எனக்குத் தெரிந்தது, எல்லாருக்கும் தெரிந்தது. ஆனாலும் தவுக்கே வாயைத் திறக்கவில்லை. பெருநாள் முடிந்த வாரம், நான் தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வாசல் வழியாகப் பழைய இரும்பு லாரி உள்ளே வந்தது. இரும்புக்காரன் இறங்கி நேராக ரயிலுக்குப் பக்கத்தில் வந்து எஞ்சினை முன்னும் பின்னும் பார்த்தான், சக்கரத்தைக் காலால் தட்டினான். தவுக்கே அலுவலறையிலிருந்து வெளியே வந்து, நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டினார்.

"அது இல்லை. அங்கே."

பேய் வீட்டைக் காட்டினார்.

பிற்பகல் முழுக்கப் பேய்கள் ஒன்றன்பின் ஒன்றாக லாரியில் ஏறின. செய்தி கேட்டு சைக்கிளில் வந்த பெயிண்டர், நீண்ட நாக்கோடு மல்லாந்து கிடந்த பேயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பெயிண்டு இன்னும் சரியாவே காயல, அதுக்குள்ள" என்றார். "உன் ஆடு என் பேயத் தின்னுருச்சு போ."

மெஷின்கள் பேய் வீடு இருந்த இடத்துக்கு வந்தன. பீப் பீப் சத்தமும் வந்தது. பையன்கள் அங்கே நின்றார்கள், அவர்களுடைய தம்பி தங்கைகள் எங்களிடம் வந்தார்கள். ஒன்றும் முட்டிக்கொள்ளவில்லை.

பாக்சிக்குக்குத்தான் ஒரே வேகம் என்பது பெரிய தண்டனையாகப் போனது. நாலு நாள் நன்றாக ஓட்டுவார், ஐந்தாம் நாள் யாரோ கையசைத்தார் என்று மெதுவாக்குவார். ஆடு சட்டையைப் பாதியில் வைத்துக்கொண்டு திணறும். பிள்ளைகள் ஊளையிடுவார்கள். ஒரு சாயங்காலம் அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார்.

"அந்த ஆடு என்ன வேகத்தில் போக வேண்டும் என்று உனக்குத்தான் தெரியும். நீ உட்கார். விசிலை என்னிடம் கொடு. நானும் அதைப் பார்க்கிறேன், எல்லாரும் சிரிக்கிறார்கள், எனக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை."

பிடியை எப்படித் தள்ளுவது, எப்போது விடுவது என்று காட்டிவிட்டு அவர் பின்னால் போய்விட்டார். பிள்ளைகளின் சங்கிலியை யார் இழுத்துப் பார்ப்பார் என்று எட்டிப் பார்த்தேன். பாக்சிக் இழுத்துக்கொண்டிருந்தார். கொக்கி ஆணி? அதையும் தொட்டார், என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு.

"தங்கச்சி," ராட்டினக்காரர் குரல் மேலிருந்து வந்தது, "லைசென்ஸ் இருக்கா?"

"முருகன் குடுத்துட்டார்ணே."

எஞ்சினில் உட்கார்ந்தால் முன்னால் பார்க்க வேண்டும். வளைவில் எந்தப் பிள்ளையாவது ஓடி வந்துவிடும். வேலிப் பக்கம் தலையைத் திருப்ப முடியாது. ஆட்டை இனிமேல் வேலை நேரத்தில் பார்க்க முடியாது என்பது பாக்சிக் விசில் ஊதி நான் கிளம்பிய பிறகுதான் உறைத்தது. முதல் சுற்றில் பயந்து மெதுவாகப் போனேன். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. இரண்டாவது சுற்றில் கொஞ்சம் தள்ளினேன். அங்கங்கே அரைகுறையாகச் சிரித்தார்கள். மூன்றாவது சுற்றில் பிடியை ஒரு இடத்தில் வைத்து அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டேன். வேலியின் பாதியைத் தாண்டும்போது, காலர் வெளியே வந்திருக்க வேண்டிய இடத்தில், முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டி வரைக்கும் சிரிப்பு ஓடியது. எல்லாருக்கும் பிந்தி, பாக்சிக்கின் கரகரத்த சிரிப்பும் சேர்ந்துகொண்டது. பிடியை விடாமல் வளைவைத் தாண்டினேன்.